கழுவாத முகத்தோடு போனேன்

1997 மாசியில்தான் என் முகம் முதல் தடவையாகச் சிவந்தது. இரண்டு கன்னத்திலும், மூக்கின் மேலும், யாரோ அறைந்தது போல ஒரு சிவப்பு. கூடவே காய்ச்சல். கைவிரல் மூட்டெல்லாம் வீங்கிப் போய், காலையில் தேயிலைத்தூள் டின்னின் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை. அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. ஒரே மகள் கலாவுக்கு ஆறு வயது.

என் பெயர் தெய்வானை. புளத்கொகுபிட்டியாவிலிருந்து மேலே ஏறிப் போகிற பாதையில் இருக்கும் நம் தோட்டத்திலேயே பிறந்து, இங்கேயே வாழ்க்கைப்பட்டவள். நானும் என் வீட்டுக்காரர் சண்முகமும் ரப்பர் மலையில் பால் வெட்டியவர்கள். நம் மாரியம்மன் கோவில் கும்பாபிஷேக மலருக்கு என் அனுபவத்தை எழுதித் தரும்படி திருவிழாக் கமிட்டியில் கேட்டபோது, மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் சேர்த்து எழுத வேண்டும். அந்தப் பொய்யை விட்டுவிட்டு மாரித்தாய் எனக்குச் செய்ததைச் சொல்ல முடியாது. மூன்று நாள் யோசித்தேன். தாய்க்குத் தெரியாததையா எழுதப் போகிறேன், நான்கு பேருக்கும் தெரிந்துவிட்டுப் போகட்டும் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து இந்த மலரைப் படிக்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தை கடைசியில் ரப்பர் மரங்கள் இலையைக் கொட்டிவிடும். மலை முழுக்க மொட்டையாகத் தெரியும். புது இலை வந்து முற்றும் வரை பால் வெட்டை நிறுத்திவிட்டு எங்களைத் தேயிலைப் பக்கம் அனுப்புவார்கள். வருஷம் முழுக்க மர நிழலில் நின்றவர்கள், அந்த ஒன்றரை மாதம் மட்டும் வெட்டவெளியில் கொழுந்து எடுப்போம். நம் கோவில் திருவிழாவும் அந்த நாட்களில்தான் வரும்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டின வாரத்தில் ஒருத்திக்கு முகம் சிவந்து காய்ச்சல் வந்தால், எங்கள் வரிசை வீட்டு லயத்தில் யாரும் வேறு எதையும் யோசிக்க மாட்டார்கள். பூசாரி மாமா வந்து பார்த்தார். என் வீட்டுக்காரருக்குத் தாய்மாமன் அவர். எங்கள் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர். நல்ல மனிதர்.

"அம்மா வந்திருக்கா," என்றார். அவ்வளவுதான்.

வாசலில் வேப்பிலை கட்டினார்கள். ஜன்னலைச் சாக்கால் மூடினார்கள். பாயிலும் வேப்பிலை பரப்பி என்னைப் படுக்க வைத்தார்கள். தாளிக்காத கறி, மோர்ச் சோறு, இளநீர். வெளியாள் உள்ளே வரக்கூடாது, நான் வெளியே தலைகாட்டக் கூடாது. ஒற்றைப்படை நாளாகப் பார்த்து மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். மூன்றாம் தண்ணீருக்குள் முகத்துச் சிவப்பு வற்றிவிட்டது. காய்ச்சலும் விட்டது.

"பாத்தியா, அம்மா எறங்கிட்டா," என்றார் பூசாரி மாமா. எல்லோரும் கும்பிட்டோம். ரப்பரில் புது இலை வந்தது. நான் மறுபடியும் நிழலுக்குப் போனேன். விரல் வலி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவும் இல்லை. பால் வாளி தூக்குகிறவளுக்குக் கை வலிக்காமல் என்ன செய்யும்.

அடுத்த வருஷம் இலை கொட்டியது. என் முகமும் சிவந்தது. வேப்பிலை, மூன்று தண்ணீர், இறங்கியது. 1999லும் அதே கதை. ஒரே ஆளுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து அம்மை வருமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டார்கள்தான். ஆனால் பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது அந்தக் கேள்வி வேறு மாதிரி வந்தது. "இவ அப்படி என்ன குத்தம் செஞ்சா?" என்று கேட்டார்கள்.

நானும் அதையே கேட்டுக்கொண்டேன். கலா வயிற்றில் இருந்தபோது பால்குடம் எடுப்பதாக நேர்ந்திருந்தேன். பிள்ளை பிறந்த பிறகு இந்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிப் போட்டு விட்டுவிட்டேன். அதற்காகத்தான் தாய் வருஷா வருஷம் வந்து என் கன்னத்தில் அறைகிறாள் என்று நினைத்தேன். பெற்ற தாயை விடப் பெரிய தாயை அவ்வளவு சின்ன மனசுக்காரியாக எண்ணியிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையா என்று கேட்பீர்கள். போனேன். எப்போது போனேன் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அம்மை உடம்பில் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கக் கூடாது, ஊசி படக்கூடாது என்பது நம் லயத்துக் கட்டுப்பாடு. அதனால் மூன்றாம் தண்ணீரும் ஊற்றி முடித்த பிறகு, மஞ்சள் பூசிக் குளித்து, பவுடர் போட்டு, பெட்டியில் இருக்கிற நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு போவேன். பெரிய டொக்டர்மார் இருக்கிற இடத்துக்குப் பஞ்சைக் கோலத்தில் போகலாமா. இரண்டு வாரம் இருட்டு அறையில் கிடந்த முகத்தில் அப்போது ஒன்றுமே இருக்காது. கை வலி, கால் வலி, வாய்க்குள் புண், தலைமுடி கொட்டுது என்று சொல்வேன். அவர்களும் வலிக்கு மருந்து தந்து அனுப்புவார்கள்.

1999 ஆடி மாதம் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் என் கைகளைப் பிடித்து ஒவ்வொரு மூட்டாக அமுக்கிப் பார்த்தார். அதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு சிங்களத்தில் நிதானமாகக் கேட்டார். "மூஞ்சில எப்பயாவது செவப்பா வந்திருக்கா? வெயில்ல போனா வருமா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தேன்.

"இல்ல டொக்டர். அப்படி ஒண்ணும் வந்ததில்ல," என்றேன்.

நான் சொன்ன பொய் இதுதான். அம்மா வந்ததைப் போய் நோய் என்று சொல்வதா? சொன்னால் அந்த இடத்திலேயே ஊசி போட்டுவிட்டால்? வீட்டில் கலாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த ஒரு நொடியில் இவ்வளவும் என் மனதில் ஓடியது. டொக்டர் இன்னொரு தடவையும் கேட்டார். இன்னொரு தடவையும் இல்லை என்றேன்.

அப்படியும் அவர் விடவில்லை. நம் உடம்பே நம்மை எதிர்த்துக் கிளம்புகிற ஒரு நோய் இருக்கிறதாம். ரத்தத்தில் அதற்கென்று ஒரு அடையாளம் தெரியுமாம். அதைப் பார்க்க ரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார். மூன்று கிழமை கழித்துப் பேப்பர் வந்தது. இல்லை என்று இருந்தது. அவர்தான் பாவம் என்ன செய்வார். பேப்பரும் இல்லை என்றது, நானும் இல்லை என்றேன்.

அந்தப் பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்தது போல ஒரு கெட்ட காரியம் நான் செய்ததில்லை. அதுவரை "பாவம் தெய்வான" என்றவர்கள் வேறு மாதிரிப் பார்க்கத் தொடங்கினார்கள். கங்காணி நேராகவே கேட்டுவிட்டார்.

"ஆஸ்பத்திரிப் பேப்பர்லயே ஒண்ணும் இல்லேன்னு இருக்கு. நீ என்னாத்துக்கு அரைப் பேருக்கு ஓடுற?"

காலையில் மட்டும் வேலை செய்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குப் போனால் அரை நாள்தான் பேர் விழும். அதற்கே அந்தப் பேச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், மற்ற நேரமாக இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். அன்றைக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். ஏனென்றால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு வலியும் என் மனப்பிரமைதானோ என்று நினைத்தேன். ஒரு நாள் வேண்டுமென்றே வலியை மறந்து முழு நாளும் வெட்டிப் பார்த்தேன். மறுநாள் பாயிலிருந்து எழும்ப வீட்டுக்காரர் தூக்கிவிட வேண்டியிருந்தது.

அந்த வருஷக் கடைசியில் என் கால்கள் வீங்கின. காலையில் கண்ணிமையும் வீங்கியிருக்கும். சிறுநீர் சவர்க்காரத் தண்ணீர் போல நுரைத்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. இதுவும் பேப்பரில் இல்லை என்று வரும் என்று நினைத்தேன்.

தலை வாரிவிடுவது கலாவின் வேலை. என் கைதான் மேலே தூக்க முடியாதே. ஒரு நாள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின் கிடந்தது. திறந்து பார்த்தேன். முழுக்க முடி. என் முடி. கொட்டுவதை நான் பார்த்தால் அழுவேன் என்று, சீப்பில் வருவதையெல்லாம் அந்தப் பிள்ளை உருட்டி உருட்டி அதற்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். அப்போது அவளுக்கு எட்டு முடிந்து ஒன்பது வயது. டின்னை மூடி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவள் பள்ளிக்கூடம் விட்டு வரும்வரை அழுதேன். நான் செத்துப் போவேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

2000ஆம் வருஷம் தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை. கோவில் கூட்டும் முறை என்னுடையது. வேறு யாரும் இல்லை. விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தாயின் முன்னால் உட்கார்ந்தேன். நான் அன்றைக்குக் கும்பிடவில்லை, சண்டைதான் போட்டேன்.

"எனக்குச் சொகம் வேணான்னு சொல்லல. ஆனா அத இப்ப கேக்கல. இது என்னான்னு மட்டும் சொல்லு. ஒரு பேர் சொல்லு. குத்தம்னா குத்தம்னு சொல்லு, நோவுன்னா நோவுன்னு சொல்லு. ஒண்ணுமே இல்லன்னு சொல்லிச் சொல்லியே என்னைய சாகடிக்காத. எம் பிள்ளைகிட்ட அம்மா எதுனால செத்தான்னு சொல்றதுக்காவது ஒரு பேர் வேணும்."

அன்றைக்கே அந்தப் பழைய பால்குடத்தையும் நேர்ந்துகொண்டேன். இந்தத் திருவிழாவில் எப்படியும் எடுப்பேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். தாய் ஒன்றும் சொல்லவில்லை. பூ ஒன்றும் விழவில்லை. கூட்டி முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இலை கொட்டியது. எங்களைத் தேயிலைக்கு அனுப்பினார்கள். நான் இரண்டு நாள்தான் போனேன். திருவிழா அன்று வீட்டுக்காரர் வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். "நடக்கவே மாட்டாம இருக்க, கொடத்த எப்படித் தூக்குவ?" என்றார். நான் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் மஞ்சள் பூசிக் குளித்து, பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். தார்ப் பாதை, பிறகு மண் பாதை. இரண்டு பக்கமும் மொட்டை ரப்பர் மரங்கள். நிழலே இல்லை. ஒவ்வொரு லயத்திலும் நின்று, தீபம் காட்டி, கோவிலுக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. யாரோ குடத்தை என் தலையிலிருந்து இறக்கினார்கள். அது மட்டும்தான் ஞாபகம். கொடிமரத்துக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டேன்.

கண் திறக்க முடியவில்லை. காது மட்டும் கேட்டது. முகம் நெருப்பாக எரிந்தது. கைகளும் எரிந்தன. பூசிய மஞ்சளெல்லாம் வியர்வையில் ஓடிப்போய், முகம் செக்கச் செவேலென்று இருந்ததாகப் பிறகு சொன்னார்கள். பெண்கள் வேப்பிலையோடு வந்துவிட்டார்கள்.

"வழிய விடுங்க. அம்மா முழுசா வந்துட்டா," என்று பூசாரி மாமா சொன்னது கேட்டது. "வீட்டுல கொண்டு போய்ப் படுக்க வைங்க. ஜன்னல மூடுங்க."

மறுபடியும் அந்த இருட்டு அறை என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் போனால் இந்தத் தடவை வெளியே வர மாட்டேன் என்றும் தெரிந்தது. வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அதிகம் பேசாத மனிதர். கோவிலில் கடைசி வரிசையில்தான் நிற்பார். தன் மாமனுக்கு எதிரே ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு அவர் என்னைத் தூக்கினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல், என்னைத் தூக்கியபடியே கருவறைக்கு நேரே போய் நின்றார். மாமாவிடம் பேசவில்லை. தாயிடம் பேசினார்.

"இவ மூஞ்சில இருக்கறது நீதான்னா, நீயும் எங்ககூட ஆஸ்பத்திரிக்கு வா தாயே. டொக்டர் ஒன்னையும் பாக்கட்டும். நீ இல்லேன்னா அதையும் அவங்களே சொல்லட்டும். நான் இவள வீட்டுக்குக் கொண்டு போக மாட்டேன்."

தப்பு அடிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். பூசாரி மாமா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்து அணைந்தது. அவர் கோபப்பட்டிருக்கலாம். தெய்வக் குத்தம் என்று சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அவர் பக்கம்தான் நின்றிருப்பார்கள். அவர் கிட்டே வந்து என் நெற்றியில் விபூதி வைத்தார்.

"கூட்டிட்டுப் போ," என்றார். "ஆனா மூஞ்சியத் தொடைக்கக் கூடாது. தண்ணி படக்கூடாது. அம்மாவத் தொடச்சி எடுத்துட்டு அம்மாவக் கூட்டிட்டுப் போனேன்னு சொல்லக் கூடாது."

எனக்குக் கிடைத்த பதில் இதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கொண்டு வந்திருந்த வேன் ஒன்று நின்றது. வேன்கார முஸ்லிம் நானா பெட்டிகளையெல்லாம் அப்படியே கோவில் வாசலில் இறக்கி வைத்துவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலில் போட்டதும் ஒரு நர்ஸ் மிஸ்ஸி ஈரப் பஞ்சை எடுத்துக்கொண்டு என் முகத்தைத் துடைக்க வந்தாள். என் வீட்டுக்காரர் குறுக்கே கை நீட்டினார்.

"தொடைக்க வேணாம் மிஸ்ஸி. டொக்டர் பாக்குற வரைக்கும் அப்படியே இருக்கட்டும்."

அவள் திட்டிவிட்டுப் போனாள். பிறகு வந்தது இளம் வயதுச் சிங்களப் பெண் டொக்டர் ஒருவர், டொக்டர் நோனா. என் முகத்தைப் பார்த்ததும் குனிந்தார். விரலால் கன்னத்தைத் தடவினார். மூக்கின் ஓரத்து மடிப்பைப் பார்த்தார். அங்கே மட்டும் சிவப்பு இல்லையாம். ரவிக்கைக் கையைக் கொஞ்சம் மேலே தள்ளினார். துணிக்கு வெளியே சிவப்பு, துணிக்கு உள்ளே ஒன்றும் இல்லை. வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தில் இருந்த புண்ணையும் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"வருசா வருசம் வருது நோனா," என்றார் வீட்டுக்காரர். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு.

"எந்த மாசத்துல?"

"ரப்பர் எலை கொட்டுற மாசத்துல."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. அந்த நோனாவின் அப்பாவுக்கும் கொஞ்சம் ரப்பர் காணி இருந்ததாம். இலை கொட்டினால் தோட்டம் எப்படிக் காயும் என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

"மத்த மாசமெல்லாம் மரத்துக்குக் கீழயா வேலை?"

"ஆமா நோனா. எலை கொட்டினாத்தான் வெயில்ல நிக்கிறோம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "இத ஏன் இத்தனை வருசமா காட்டல?"

நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வருவது, இருட்டு அறை, மூன்று தண்ணீர், அதற்குப் பிறகு பவுடர் போட்டுக்கொண்டு வருவது, அந்தப் பழைய டொக்டரிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் சிரிக்கவில்லை. "இருட்டு ரூம்ல இருந்ததும் நல்லதுதான் செஞ்சிருக்கு. வெயில் படாம இருந்தா இது அடங்கும். அதனாலதான் நீங்கெல்லாம் ஏமாந்து போயிட்டீங்க," என்றார்.

சிறுநீரை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி நெருப்பில் காட்டினார்கள். தயிர் போல வெள்ளையாகத் திரண்டது. மறுபடியும் ரத்தம் எடுத்து அதே பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காத்திருந்தோம்.

பேப்பர் வந்தது. மறுபடியும் இல்லை என்றே இருந்தது.

அன்று காலை நான் உடைந்து போனேன். தாயே, இவ்வளவு தூரம் கூட வந்துவிட்டு இங்கே கையை விட்டுவிட்டாயே என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பெரிய டொக்டர் கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பேப்பரைப் பார்த்துவிட்டு, "இதுல இல்லைன்னு வந்திருக்கே," என்றார். அவர்கள் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். அந்த நோனா ஒவ்வொரு விரலாக மடக்கினார். முகம். வெயில். வாய்ப்புண். மூட்டு. சிறுநீரகம்.

"இந்தப் பரிசோதனை எல்லாருக்கும் காட்டாது சேர். சில பேருக்கு நோய் இருந்தும் இல்லைன்னுதான் வரும். இந்த அஞ்சும் இவங்க ஒடம்புல இருக்கு. பேப்பர்ல ஒண்ணுதான் இல்ல."

பெரிய டொக்டர் பேப்பரை மடித்தார். என் முகத்தை, அப்போதும் சிவப்பு முழுக்க ஆறாத முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி, கொழும்புக்கு அனுப்புவோம்," என்றார்.

அது யுத்த காலம், வழியில் இரண்டு இடத்தில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் கையிலிருந்து ஒரு துளி தோலும், முதுகுப் பக்கமாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துளிச் சதையும் எடுத்தார்கள். ஊசி படக்கூடாது என்று மூன்று வருஷம் ஓடி ஒளிந்தவள் நான். அந்த ஊசிக்குத் தாயின் பேரைச் சொல்லிக்கொண்டு அசையாமல் படுத்திருந்தேன்.

முடிவு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. ரத்தத்தில் ஒளிந்திருந்தது தோலிலும் சிறுநீரகத்திலும் அகப்பட்டுவிட்டது. லூபஸ் என்றார்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழி தவறி உடம்பை அடிக்கிற நோய். சிறுநீரகம் வரை போய்விட்டதாம். "இன்னும் ஒரு வருசம் விட்டிருந்தா கஷ்டம்," என்று சொன்னார்கள்.

மற்றவர்கள் இதைக் கேட்டால் அழுவார்கள். நான் கைகூப்பிக் கும்பிட்டேன். ஒரு பேர் கேட்டேன், கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் கலாவை விட்டு அந்தப் பேரைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதச் சொல்லி, தாயின் படத்துக்குக் கீழே வைத்தேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். நினைக்கட்டும். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்ன பேப்பரை அடுப்பில் போட்டுக் கொளுத்திவிட்டுத்தான் அன்றைக்குச் சோறாக்கினேன்.

நோய் போய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். இது முழுக்கப் போகிற நோய் இல்லை, அடக்கி வைக்கிற நோய். மாத்திரை குடித்தேன், இன்னும் குடிக்கிறேன். ஆரம்பத்தில் மாத்திரையால் முகம் பந்து போல உருண்டுவிட்டது. "இப்பத்தான் நீ தொரைசாணி மாதிரி இருக்க," என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். மாதா மாதம் கிளினிக் போனேன். கால் வீக்கம் வடிந்தது. நுரை நின்றது. முடி மறுபடி முளைத்தது. ஒரு நாள் காலையில் தேயிலைத்தூள் டின்னை நானே திறந்தேன். வீட்டில் யாரையும் கூப்பிடாமல் அந்த மூடியை இரண்டு மூன்று தடவை மூடி மூடித் திறந்து பார்த்தேன்.

வெயில் ஆகாது என்று டொக்டர் தந்த கடிதத்தைப் பார்த்து, தோட்டத்தில் எனக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை கொடுத்தார்கள். கொழுந்துக்குப் போகிற அம்மாமார் விட்டுப் போகும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். வெளியே இறங்கினால் நீளக் கைச் சட்டை, கறுப்புக் குடை. பால்குடம் இப்போது நம் கோவிலில் வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே எடுக்கிறோம் அல்லவா, அது எனக்காகப் பூசாரி மாமா மாற்றியது. அவர் யாரிடமும் காரணம் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

கலா இப்போது உயர்தரம் படிக்கிறாள். அந்தப் பிஸ்கட் டின்னில் என் மாத்திரைகள் இருக்கின்றன.

அது அம்மா இல்லை, வெறும் நோய்தான் என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் சரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் என் வாய் பொய் சொன்னது. பேப்பர் இரண்டு தடவையும் இல்லை என்றது. என் முகம் ஒன்றுதான் உண்மையைச் சொன்னது. அந்த முகத்தைத் துடைக்காமல் அனுப்பும்படி பூசாரி மாமாவைச் சொல்ல வைத்தது யார்? வாய் பேசாத மனுஷனைக் கருவறை முன்னால் பேச வைத்தது யார்? ரப்பர் இலை எப்போது கொட்டும் என்று தெரிந்த ஒரு டொக்டரை அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வாட்டில் நிறுத்தி வைத்தது யார்? என்னைத் தண்டிக்க வந்தாள் என்று நான் பயந்த அதே நாளில்தான் அவள் என்னைக் கைப்பிடித்துக் கூட்டிப் போனாள்.

போன மாசியில், இலை கொட்டிய நேரம், பூசாரி மாமா பிள்ளைக் காம்பராப் படியோரம் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. பாதையில் ஓட்டோவில் அவர் மருமகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலாம், உடம்பெல்லாம் கொப்புளமாம்.

"கூட வர்றியா தெய்வான?" என்றார். "அங்க எப்படிப் பேசறதுன்னு எனக்குத் தெரியல."

"மூஞ்சியத் தொடச்சீங்களா மாமா?"

"இல்ல. அப்படியேதான் கூட்டிட்டு வந்திருக்கேன்."

பிள்ளைகளைக் கூட வேலை செய்கிறவளிடம் ஒப்படைத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனேன். டொக்டர் பார்த்தார். அது அம்மையேதான். மருந்து கொடுத்து, வீட்டில் தனியாக வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திரும்பி வரும்போது மாமா ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே வந்தார். "அப்ப இது அம்மாதான், என்னா?" என்றார். "ஆமா மாமா, டொக்டரே சொல்லிட்டாரு," என்றேன்.

இதைப் படிக்கிற என் தாயின் பிள்ளைகளே, உங்கள் உடம்பில் ஒன்று வந்து, அது என்னவென்று தெரியாமல் தவிக்கும்போது அவளிடம் போய் விழுங்கள். சண்டை போட்டாலும் கேட்பாள். பிறகு கிளம்புங்கள். மஞ்சள் பூசிக் குளித்துவிட்டுப் போக வேண்டாம், பவுடர் வேண்டாம், நல்ல சேலை வேண்டாம். கேட்டதற்கெல்லாம் உள்ளதைச் சொல்லுங்கள். ஒரு பேப்பர் இல்லை என்று சொன்னால் அத்தோடு திரும்பி வந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரி வாசலில் அவளை விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவள் வருவாள். என்னோடு வந்தாள்.